கொட்டிலில் நின்ற மொறிஸ் மைனரை மீண்டும் ஓடவைக்க

பத்து, பதினைந்து வருடம் கொட்டிலில் நின்ற மொறிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேயக் காருக்குப் பெரிய அடி விழுவது பெரும்பாலும் அதை வெளியே இழுத்த அன்றுதான். இரவல் பற்றரி ஒன்றைப் பூட்டி, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி, நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். எஞ்சின் உறுமும். எல்லோருக்கும் சந்தோஷம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் காய்ந்து கிடந்த பெயரிங்குகள் கீறுப்பட்டிருக்கும், இறுகிப்போன வால்வு ஒன்று அதன் தள்ளுகம்பியை வளைத்திருக்கும், தாங்கிக்குள் இருந்த கறள் முழுவதும் காபரேற்றருக்கு வந்து சேர்ந்திருக்கும். அத்தனை வருடம் தாக்குப்பிடித்த எஞ்சினை ஒரு பின்னேரத்தில் கெடுத்துவிடலாம். அதனால் திறப்பைக் கையில் எடுப்பது கடைசி வேலை. அதற்கு முன் செய்யவேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எந்த மைனர் என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் சாமான் மாறும். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வந்த முதல் மைனருக்கு 918 சி.சி. பக்கவால்வு எஞ்சின். 1952 தொடங்கி 803 சி.சி. மேல்வால்வு எஞ்சின் வந்தது. முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தால் அது இந்த இரண்டில் ஒன்று. 1956இல் வளைந்த ஒற்றைக் கண்ணாடியோடு ‘மைனர் 1000’ வந்தது, 948 சி.சி. 1962இன் பிற்பகுதியில் இருந்து 1098 சி.சி. எஞ்சின் இலக்கம் 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098. இலங்கையில் இன்னும் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டுந்தான். இனிச் சொல்லும் அளவுகளும் இவற்றுக்கே. பொனற்றின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் தட்டையான பட்டியைப் பார்த்திருப்பீர்கள். வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், வேலை முடியும் தறுவாயில் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரிக் காரை நடுவால் வெட்டி நான்கு அங்குலம் அகட்டினார். அந்தப் பட்டி அப்போது வந்தது.

வாங்குவதற்கு முன் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ள தகடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சேசித் தகடு எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும். எஞ்சின் தகடு டைனமோவுக்கு மேலே புளொக்கில் அறைந்திருக்கும். இடையில் யாராவது எஞ்சின் மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரிசெய்யும் வேலை கறள் சுரண்டும் வேலையைவிட நீளும்.

ஆயுதம் பற்றி ஒரு சொல். இந்தக் கார் முழுவதும் அங்குல நட்டுகள். 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்று ஸ்பானரும் நல்லதாக இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதற்கு 13 மி.மீ. ஸ்பானரைப் போட்டால் சும்மா கிடக்கும் நட் கழரும், கறள் பிடித்த நட்டின் மூலை உருண்டுவிடும். பிறகு உளியும் சுத்தியலுந்தான்.

அடியில் தொடங்குங்கள்

மைனருக்குத் தனிச் சேசி இல்லை. கூட்டுத் தகடுதான் காரைத் தாங்குகிறது. ஆகவே மேலே மினுங்கும் பெயின்ற்றைப் பார்த்து விலை பேசக்கூடாது. ஒரு தட்டைத் திருப்புளியையும் ஒரு சின்னக் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு கீழே படுக்கவேண்டும்.

கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, முன் சட்டங்கள், பின் வில்லுத்தகடுகளைப் பிடிக்கும் இடங்கள், பற்றரித் தட்டு, டிக்கியின் அடி, இவையெல்லாம் கறளுக்குப் பிடித்த இடங்கள். இவற்றில் எல்லாம் முக்கியம் கியர்பெட்டிக்குக் கீழே காரின் அகலத்துக்குப் போகும் குறுக்குச் சட்டம். முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் இரண்டும் பின்பக்கம் போய்ப் பூட்டியிருப்பது இந்தச் சட்டத்தில்தான். காரின் முன்பாரம் முழுவதையும் அந்த இரண்டு கம்பிகளும் முறுக்காகத் தாங்கி நிற்கின்றன. ஜாக்கி போடும் துவாரங்கள் இதன் இரு முனைகளில் இருப்பதால் தண்ணீரும் சேறும் அங்கேதான் புகும். திருப்புளியால் அந்த முனைகளைக் குத்திப் பாருங்கள். நல்ல உருக்கு ‘டங்’ என்று ஒலிக்கும், உக்கியது சத்தமில்லாமல் உள்ளே போகும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, புட்டி இருக்கிறது. புட்டியைச் சுரண்டினால் உள்ளே சீலைத் துண்டும் பழைய பத்திரிகையும் திணித்துவைத்த கார்களும் உண்டு.

இன்னொரு சோதனை: கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காரின் நடுப்பக்கத்தை ஜாக்கியால் மெல்ல உயர்த்துங்கள். கதவு மறுபடி ஒழுங்காகச் சாத்துப்படாவிட்டால் கார் நடுவில் மடிகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட காரில் கதவடித் தகட்டை வெட்டுவதற்கு முன், கதவுத் துவாரத்துக்குள் இரும்புக் குழாய் ஒன்றைக் குறுக்கே ஒட்டி அதன் வடிவத்தைப் பூட்டிவிட வேண்டும். ஒரே நாளில் இரண்டு பக்கத்தையும் வெட்டவே கூடாது. கதவடிக்கு 1.2 மி.மீ. தகடு போதும், குறுக்குச் சட்டத்துக்கு 1.6 மி.மீ. போடுங்கள். பழைய கறளுக்கு மேல் புதுத் தகட்டை ஒட்டுவது வேலையே இல்லை. நல்ல உருக்குத் தெரியும்வரை வெட்டிவிட்டு ஒட்டவேண்டும். வெல்டிங் தொடங்கும் முன் பற்றரியையும் பெற்றோல் தாங்கியையும் காரைவிட்டே வெளியே எடுத்து வையுங்கள். வெறும் தாங்கிதானே என்று விடவேண்டாம். வெறும் தாங்கிக்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

முன் சில்லு மடிவது

மைனரைத் தெரிந்தவர்கள் எவரும் முதலில் கேட்கும் கேள்வி ‘ட்றனியனுக்குக் கிறீஸ் அடித்தாயா?’ என்பது. முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த கம்பிக்கு மேலும் கீழும் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ஏறிநிற்கும் உலோக உறைகளே ட்றனியன். ஸ்ரியறிங் திருப்பும்போது மரைக்குள் மரை சுழலுகிறது. கிறீஸ் இல்லாவிட்டால் மரை தேய்கிறது. தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கீழ் மரை வழுக்கிக் கழரும். அப்போது சில்லு அப்படியே மட்காட்டுக்குள் மடிந்து காரின் முன்மூலை தெருவில் இருக்கும். வேகமாகப் போகையில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கீழ்க் கையை ஜாக்கியில் தூக்கி, ரயருக்குக் கீழே ஒரு அலவாங்கைக் கொடுத்து மேலே நெம்புங்கள். இன்னொருவர் ட்றனியனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பி உறைக்குள் மேலும் கீழும் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் கம்பியும் உறையும் சோடியாக மாற்றவேண்டும். உறையை மட்டும் மாற்றினால் தேய்ந்த மரையில் புது மரை ஆறு மாதமும் தாங்காது. இடப்பக்கச் சாமானும் வலப்பக்கச் சாமானும் வேறு. வாங்கும்போதே சொல்லி வாங்குங்கள்.

கிறீஸ் அடிக்கும்போது சில்லு நிலத்தில் இருக்கக்கூடாது. பாரம் இருந்தால் மரையின் ஒரு பக்கம் நெருங்கி நிற்கும், அந்தப் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. தூக்கிவிட்டு, பழைய கறுப்புக் கிறீஸ் முழுவதும் வெளியே வந்து புதியது எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். எதுவும் வெளியே வராவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது, கழற்றி மாற்றுங்கள். ஒவ்வொரு 1000 மைலுக்கும், அதாவது 1600 கி.மீ.க்கு ஒருமுறை இந்த வேலை. முன் சொக்கப்சோபரின் கைதான் மேற்கையாகவும் வேலைசெய்வதால், அது ஆடினாலும் சில்லு ஆடும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

எஞ்சினை எழுப்புதல்

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். கழற்றும் முன் சுற்றிவரக் காற்றடித்துத் துப்புரவாக்க வேண்டும், இல்லாவிட்டால் மண் உள்ளே விழும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு மேசைக்கரண்டி அளவு டீசலும் எஞ்சின் ஒயிலும் சரிபாதி கலந்ததை விட்டு, குறைந்தது மூன்று நாள் அப்படியே விடுங்கள். இறுகிய எஞ்சினுக்கு இரண்டு கிழமை விட்டாலும் நட்டமில்லை, நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் சேர்த்தால் போதும்.

வால்வு மூடியைக் கழற்றி எட்டு வால்வுக்கும் மேலே ஒயில் விடுங்கள். பிறகு முன் பம்பர் துவாரத்தால் ஹாண்டிலைக் கொடுத்து, முழுச் சுற்றுச் சுற்றாமல், முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். பிடிவாதம் பிடித்தால் நாலாம் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டலாம். கயிறு கட்டி இழுக்கவேண்டாம். இறுகிய பிஸ்டனை இழுத்து விடுவித்தால் றிங் உடைந்து சிலிண்டர் சுவரைக் கீறும். அசையத் தொடங்கியதும் இன்னொருவர் வால்வுகளைப் பார்க்கவேண்டும்: எட்டும் இறங்கி ஏறுகின்றனவா? ஒன்று இறங்கிய இடத்திலேயே நின்றால் உடனே நிறுத்தி, அதன் தண்டில் ஒயில் விட்டு, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி விடுவியுங்கள்.

ஹாண்டில் தாராளமாகச் சுற்றினால் பழைய ஒயிலை வடித்து, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பைக் கழற்றிப் பாருங்கள். கீழே கறுப்புத் தார் மாதிரி ஒரு அங்குலம் படிந்திருக்கும். அதோடு எஞ்சினை ஓட்டினால் அது பம்பின் வலையை அடைத்துவிடும். புதுப் பில்ற்றர், 20டபிள்யூ-50 ஒயில், பில்ற்றரோடு சேர்த்து 3.7 லீற்றர். கியர்பெட்டிக்கு 1.3 லீற்றர், அதற்கும் எஞ்சின் ஒயில்தான், 30 தரம். கியர்தானே என்று 90 ஒயிலை விடுகிறவர்கள் உண்டு. கியர் மாறுவது இறுகிப்போகும். பின் அச்சுக்கு மட்டும் 90 ஈ.பி., 0.85 லீற்றர்.

வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம், 0.30 மி.மீ. இதற்கு ஒரு ஒன்பதுக் கணக்கு உண்டு. முன்னிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 8ஆவது முழுதாக அமர்ந்து திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்திருக்க 3ஐ, 5 திறந்திருக்க 4ஐ. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9. காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் பிழைக்காது.

மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்கள்

யாழ்ப்பாணத்தில் நின்ற கார் என்றால் இதைத் தனியாகப் பார்க்கவேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்கள் நோயாளிகளைச் சுமந்தன, சனங்களைச் சுமந்தன. அவற்றைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சினுக்குள் அதன் தடம் இருக்கும். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கும். அதனால் றிங்கும் சுவரும் தேயும், பெயரிங் தேயும். ஒக்டேன் குறைவானதால் எஞ்சின் தட்டும். தட்டுவதைக் குறைக்க, பிளக்கில் பொறி விழும் நேரத்தை வைக்கும் டிஸ்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பியிருப்பார்கள், சிலவேளை சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குக் கீழே இரண்டு காஸ்கற் போட்டுக் கொம்பிறசனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை நெருக்கப்படும் அளவை, குறைத்திருப்பார்கள்.

ஆகவே இந்தக் கார்களில் முதலில் கொம்பிறசன் பாருங்கள். நான்கு பிளக்கும் வெளியே, அக்சிலேற்றர் முழுதாக அழுத்தியபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு ஏழு சுற்று. நான்கும் 120 பி.எஸ்.ஐ.க்கு மேலே, ஒன்றுக்கொன்று 15க்குள் நின்றால் ஹெட்டைக் கழற்றவே வேண்டாம். ஒன்று மட்டும் இறங்கி நின்றால் அந்தச் சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் அவற்றுக்கு நடுவில் காஸ்கற் எரிந்திருக்கிறது.

ஹெட்டைக் கழற்றினால் எக்ஸோஸ்ற் வால்வு இருக்கைகளுக்குக் கடின வளையம் போடுவது நல்லது. இப்போதைய பெற்றோலில் ஈயம் இல்லை. ஈயந்தான் அந்தக் காலத்து மென்மையான இருக்கையைக் காப்பாற்றியது. திரும்பப் பூட்டும்போது நட்டுகளை நடுவில் இருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக இறுக்கி 40 இறாத்தல் அடியில் நிறுத்துங்கள். டிஸ்ரிபியூட்டர் நேரத்தை மறுபடி பெற்றோலுக்குச் சரிசெய்ய மறக்கவேண்டாம். கார் இழுக்கவில்லை, சூடாகிறது என்று மாதக்கணக்கில் அலைவதற்கு இது ஒன்றே போதும்.

தண்ணீர், பெற்றோல், மின்சாரம்

றேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாக வைத்துத் தண்ணீர் அடியுங்கள். புளொக்கின் பின்பக்க வடிகுழாயைத் திறந்தால் ஒன்றும் வராது. உள்ளே கறட்சேறு உறைந்திருக்கும். கம்பியால் குத்திக் குத்தித்தான் அது கரையும். நாலாம் சிலிண்டரைச் சுற்றி அந்தச் சேறு நிற்கும்வரை எஞ்சின் சூடாவது நிற்காது. தண்ணீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் விரல் நீளத்தில் ஒரு றப்பர்க் குழாய் இருக்கிறது. பார்க்க ஒன்றுமில்லாத சாமான். நடுவழியில் வெடித்தால் பம்பைக் கழற்றாமல் மாற்றுவது பெரும் பாடு. பம்பு வெளியே இருக்கும்போதே புதியதைப் போட்டுவிடுங்கள். வெயில் நாடு என்று, தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியவேண்டாம்; எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஒயிலுக்குள் தண்ணீர் சேரும். 74 பாகை தேர்மோஸ்ரற் எங்கள் நாட்டுக்குப் பொருந்தும். மொத்தத் தண்ணீர் 5½ லீற்றர்.

பெற்றோல் தாங்கியைக் கழற்றி, பழையதை வடித்து, உள்ளே ஒரு கைநிறையச் சரளைக் கல்லும் சவர்க்காரத் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். கறள் பிடிவாதமாக நின்றால் லீற்றருக்கு 100 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்து ஒரு நாள் விட்டு, வடிவாகக் கழுவி, உடனே வெயிலில் காயவிடுங்கள். ஈரமாக விட்டால் அன்றிரவே மறுபடி கறள் பூக்கும். குழாய் வாய்களைக் கட்டாயம் பாருங்கள். குளவி மண்கூடு கட்டாத கார் இங்கே குறைவு.

பெற்றோலை ஏற்றும் எஸ்.யு. கம்பனி மின்பம்பு ‘டிக் டிக்’ என்று அடித்துக் காபரேற்றர் நிரம்பியதும் அடங்கவேண்டும். அடிக்கவே இல்லையென்றால் மூடியைக் கழற்றி அதன் பொயின்ற்றை மெல்லிய கடதாசியால் துடைத்தால் பெரும்பாலும் உயிர்வரும். நிற்காமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது காபரேற்றர் ஊசி வால்வு பிடிக்கவில்லை. எஸ்.யு. காபரேற்றரில் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் ‘டொக்’ என்று விழவேண்டும். விழாவிட்டால் கழற்றித் துடையுங்கள், மணற்றாள் போடாதீர்கள். பெற்றோல் வரும் சிறு குழாயான ஜெற்றை மேல்விளிம்போடு சமமாக்கி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்றுக் கீழே இறக்கினால் எஞ்சின் எழும்பப் போதுமான அளவு. பிறகு ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யலாம். 948இன் காபரேற்றரில் ஜெற்றைச் சுற்றிக் கோர்க் வளையம் இருக்கும். புதியதை அரை மணித்தியாலம் ஒயிலில் ஊறவைத்துப் போட்டால் உடையாது.

மின்சாரத்தில் முதல் விதி: இந்தக் காரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணையும். இன்றைய கார்களுக்கு எதிர். பழக்க தோஷத்தில் மாற்றிப் பூட்டுகிறவர்களால்தான் பாதிச் சேதம். நெடுநாள் கிடந்த டைனமோ சார்ஜ் பண்ணாவிட்டால், சின்ன முனையான எஃப் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் உடலோடு சேராத முனையில் இருந்து ஒரு வயரால் எஃப் முனையை இரண்டு தடவை தொட்டு எடுங்கள். பொறி பறக்கும், அதன் காந்தம் சரியான பக்கம் திரும்பும். துணி சுற்றிய பழைய வயரில் எலி கடித்த இடம் ஒன்று தெரிந்தால் தெரியாதவை ஐந்து இருக்கும். முழுத் தொகுதியையும் மாற்றுவதே நிம்மதி, காரில் பியூஸ் இரண்டுதான்.

டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், எரியும் ஒழுங்கு 1-3-4-2, டிஸ்ரிபியூட்டர் இடஞ்சுழி. புதுக் கொண்டென்சர் மூன்று வாங்கினால் ஒன்று நன்றாக இருக்கும். வேலைசெய்யும் பழையதைக் கழற்றியவுடன் எறியாதீர்கள்.

பிறேக்

இங்கேதான் நேரத்தையும் காசையும் செலவழிக்கவேண்டும். முன் சில்லுக்கு இரண்டு, பின் சில்லுக்கு ஒன்று என்று மொத்தம் ஆறு சில்லுச் சிலிண்டர், ஒரு மாஸ்ரர் சிலிண்டர், மூன்று றப்பர்க் குழாய். நெடுநாள் நின்ற காரில் இவற்றில் ஒன்றையும் நம்பக்கூடாது.

ஒரு சில்லுச் சிலிண்டரைத் திறந்து பாருங்கள். பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். வருடக்கணக்கில் இழுத்தது பனங்கட்டிப் பாகு மாதிரி உறைந்து கிடக்கும். பிஸ்டன் அந்தப் பாகுக்குள் ஒட்டியிருக்கும். அதைத் தட்டி எடுத்து மெதைலேற்றட் ஸ்பிரிற்றால் துடைத்து, சிலிண்டரின் உள்சுவரை வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். றப்பர் இருந்து இருந்து நின்ற இடத்தில் வட்டமாக ஒரு கறுத்த கோடும், அதற்குள் ஊசிமுனைக் குழிகளும் தெரியும். நகத்தை வைத்து இழுத்தால் தடக்கும். அந்தச் சிலிண்டரைத் தேய்த்து மினுக்கி, புது றப்பர் போட்டு, இரண்டு மாதம் நன்றாக ஓடலாம். பிறகு றப்பரின் விளிம்பை அந்தக் குழிகள் அராவிவிடும். ஒயில் கசிந்து பிறேக் கட்டையில் ஊறும், கார் ஒரு பக்கம் இழுக்கும். நகம் தடக்கினால் சிலிண்டரை மாற்றுங்கள். இதில் வேறு கதையில்லை. றப்பரைப் பெற்றோலாலோ எஞ்சின் ஒயிலாலோ கழுவவேண்டாம், உப்பிவிடும்.

மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. மேல்தட்டைக் கழற்றினால் தெரியும், ஆனால் அதன் இரண்டு நீள போல்ற்றை இழுக்க முறுக்குக் கம்பி மறிக்கும். கம்பியைத் தளர்த்தி இறக்கித்தான் எடுக்கவேண்டும். காரின் முன்பகுதியை நன்றாகத் தாங்கி வைக்காமல் இதைத் தொடவேண்டாம், அந்தக் கம்பிக்குள் இருக்கும் முறுக்கு விடுபட்டால் உங்கள் கையை உடைக்கும். திரும்பப் பூட்டும்போது போல்ற்றுகளை மற்றப் பக்கத்தால் செருகினால் அடுத்த தடவை இந்தப் பாடு இல்லை. பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சிறிது சும்மா ஆட்டம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒயில் திரும்பிப்போகும் நுண்துளை மூடியே கிடக்கும். சூடேறச் சூடேற நான்கு சில்லும் தானாக இறுகும்.

காற்று எடுக்கும்போது மாஸ்ரருக்கு மிகத் தூரமான இடது பின் சில்லில் தொடங்குங்கள். தொடங்கும் முன் எல்லா அஜஸ்ரரையும் இறுக்கிக் கட்டைகள் டிரம்மைப் பிடிக்கும்படி வையுங்கள், காற்று விரைவில் வெளியேறும். முன்சில்லுக்கு இரண்டு அஜஸ்ரர், பின்சில்லுக்கு ஒன்று. வடித்த ஒயிலை மறுபடி ஊற்றவேண்டாம். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் றப்பர்க் குழாய் உள்ளே உப்பியிருந்தால் ஒயில் போகும், திரும்பி வராது. பிறேக்கை விட்ட பிறகும் ஒரு சில்லு பிடித்தபடியே நின்றால் அதுதான் காரணம்.

ஸ்ராட் பண்ணும் நாள்

பிளக் எல்லாம் வெளியே இருக்க, ஸ்ராட்டரால் 10 செக்கனாக, இடைவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை சுற்றுங்கள். அணையாவிட்டால் பம்பு ஒயிலைப் பிடிக்கவில்லை. புளொக்கின் பின்பக்கத்தில் இருந்து பில்ற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒயில் கேனால் பம்புப் பக்கம் ஒயில் செலுத்திப் பூட்டிவிட்டு மறுபடி சுற்றுங்கள். மூடியைத் திறந்தால் வால்வு றொக்கர்களில் ஒயில் ஊறி வரவேண்டும். அதைக் கண்ணால் பார்க்கும்வரை பிளக்கைப் பூட்டவேண்டாம்.

திறந்த வெளியில், தீயணைக்கும் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்ராட் பண்ணுங்கள். சிலிண்டருக்குள் விட்ட ஒயில் எரிந்து முதல் பத்து நிமிடம் நீலப் புகை வரும், பயப்படவேண்டாம். வெள்ளைப் புகை விடாமல் வந்தால் காஸ்கற்றைச் சந்தேகப்படுங்கள். கிளச் ஒட்டியிருந்தால், பெடலை அழுத்தி மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து ஒரு இரவு விடுங்கள், பெரும்பாலும் விடுபடும். கிளச் பெட்டியின் அடித் துவாரத்தால் ஒன்றிரண்டு சொட்டு ஒயில் விழுவது இந்த எஞ்சினின் இயல்பு. பின்பக்கத்தில் றப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பும் ஒரு சுருள் வெட்டு மட்டுந்தான் இருக்கிறது.

மேல்வரி தேயாமல் இருந்தாலும் வெடிப்பு விழுந்த பழைய ரயரில் தெருவுக்குப் போகவேண்டாம். 5.00-14 அளவு ரயர் கிடைக்காவிட்டால் 145 ஆர் 14 பொருந்தும். ஒரே அச்சில் இரண்டு வகையைக் கலக்கக்கூடாது.

முதல் ஓட்டம் 5 கி.மீ., சனம் குறைந்த தெருவில், விடியற்காலையில். திரும்பி வந்ததும் நான்கு டிரம்மையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சில்லைக் கழற்றுங்கள். அன்றே சூடான எஞ்சினில் ஒயிலை வடித்துப் புதியது விடுங்கள், முதல் ஒயில் கழுவியெடுக்கத்தான். ஹெட் கழற்றியிருந்தால் மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் நட்டுகளை மறுபடி 40க்கு இறுக்கி, வால்வு இடைவெளியை மறுபடி பாருங்கள், சற்று ஒடுங்கியிருக்கும். 500 கி.மீ. ஓடியதும் ஒயிலும் பில்ற்றரும் மறுபடி மாறவேண்டும். பெற்றோல் பில்ற்றரில் இன்னும் சிவப்புத் தூள் வந்தால் தாங்கியை ஒருமுறை திரும்பக் கழற்றுங்கள். ட்றனியன் நான்குக்கும் அப்போதே கிறீஸ் அடித்து, தேதியையும் மைலையும் எழுதிய துண்டொன்றைப் பொனற்றின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.